பழம்பாணிக் கைக்கடிகாரம்: விலையும் வேட்கையும்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டைப் பக்கம் செல்வோர் பத்மநாபசுவாமி கோயிலருகே உள்ள மேத்தன் மணியை அண்ணாந்து பார்க்காமல் கடந்து செல்வதில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் இரண்டு ஆட்டுக் கடாக்கள் தாடிக்காரர் முகமொன்றில் இருபுறமும் மோதும் அந்தக் கடிகாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டினது. 1837ஆம் ஆண்டிலேயே வானாய்வு நிலையம் கண்ட இந்நகருக்கு நேரக் கணக்கு புதிதன்று. ஆயினும் இன்று நம் நகரில் கடிகாரம் பற்றிய பேச்சு நேரத்தைக் குறித்ததாக இல்லை. விலையைக் குறித்ததாக மாறியிருக்கிறது.

பழைய தோற்றத்தில் புதிதாகச் செய்யப்பட்டு, இத்தனை எண்ணிக்கைதான் என்று அறிவிக்கப்பட்டு விற்கப்படும் கைக்கடிகாரங்களை வாங்க இளைய தலைமுறையினர் பலர் விரும்புகின்றனர். 'வாங்கி வைத்தால் விலை ஏறுமாமே?', 'இதன்பேரில் கடன் கிடைக்குமா?', 'தாத்தாவின் பழைய கடிகாரத்திற்கு இன்று நல்ல விலை உண்டா?' என்னும் கேள்விகள் வங்கிக் கிளைகளிலும் கேட்கின்றன. ஆசைப்பட்டு வாங்குவது வேறு; சேமிப்பு என எண்ணி வாங்குவது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வீட்டு எடுத்துக்காட்டு: எச்.எம்.டி.

அயல்நாட்டுக்குச் செல்லுமுன் நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். பொதுத்துறை நிறுவனமாகிய எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961ஆம் ஆண்டு பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. சாவி கொடுக்கும் ஜனதா, கறுப்பு முகப்புடைய பைலட், தானாகச் சுற்றிக்கொள்ளும் காஞ்சன் முதலியவை இந்தியக் குடும்பங்களில் வேரூன்றின. தேர்வில் வென்ற மகனுக்கும், வேலையில் சேர்ந்த மகளுக்கும், மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும் எச்.எம்.டி. கடிகாரம் அணிவிப்பது வழக்கமாயிற்று. காஞ்சன் கடிகாரத்திற்குக் கல்யாணக் காலங்களில் இருந்த கிராக்கியையும், அது எளிதில் கிடைக்காமல் அலைந்த கதையையும் மூத்தோர் இன்றும் சொல்வர்.

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொணர்ந்தபின் நிலைமை மாறியது. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பிய கேரளத்தார் கைகளில் ஜப்பானியக் கடிகாரங்களும் வந்திறங்கின. சாவி கொடுக்கும் கடிகாரத்தை விரும்புவோர் அருகினர். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடும் எண்ணம் 2014இல் வெளியாயிற்று. 2016 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது.

இங்குதான் பொருளியல் பாடம் தொடங்குகிறது. கடைகளில் கேட்பாரற்றுக் கிடந்த கடிகாரங்களை, மூடப்போவதாகச் செய்தி வந்தவுடன் மக்கள் தேடிச்சென்று வாங்கினர். கடிகாரத்தின் இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம்கூட மாறவில்லை. அது காட்டும் நேரமும் மாறவில்லை. 'இனிக் கிடைக்காது' என்ற எண்ணம் மட்டுமே புதிதாகச் சேர்ந்தது. அந்த எண்ணத்திற்கும் ஒரு விலை உண்டு என்பதை எச்.எம்.டி. நமக்குக் காட்டியது. எண்ணிக்கை வரையறுத்த பதிப்புகளை வெளியிடும் நிறுவனங்கள் செய்வது, தற்செயலாய் நிகழ்ந்த இதனைத் திட்டமிட்டு நிகழ்த்துவதேயாகும்.

தேவை தீர்ந்தபின் எழுந்த ஆசை

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அன்று அதன் விலை 4,50,000 யென்; ஒரு சிறு மோட்டார் காரின் விலைக்கு நிகரானது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் குவார்ட்ஸ் தொழில்நுட்பம் மலிவாயிற்று. இன்று சில நூறு ரூபாய்க் கடிகாரம், பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள இயந்திரக் கடிகாரத்தைவிடத் துல்லியமாக நேரம் காட்டுகிறது. கைப்பேசி வந்தபின் நேரம் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு கருவியே வேண்டியதில்லை.

ஆகவே, விலை உயர்ந்த இயந்திரக் கடிகாரத்தை எவரும் நேரத்திற்காக வாங்குவதில்லை. கைவினைத் திறன், பழமையின் அழகு, குடும்ப நினைவு, சமூகத்தில் ஒரு மதிப்பு ஆகியவற்றிற்காகவே வாங்குகின்றனர். இதனை உணர்ந்த நிறுவனங்கள் தம் பழைய படைப்புகளையே மீண்டும் வடித்தன. எடுத்துக்காட்டாக, சுவிட்சர்லாந்தின் ஒமேகா நிறுவனம் 1957இல் வெளியிட்ட மூன்று கடிகாரங்களின் தோற்றத்தைத் தழுவி 2017இல் புதிய பதிப்புகளைக் கொணர்ந்தது. ஒவ்வொன்றிலும் 3,557 மட்டுமே எனக் கணக்கிட்டது. சீக்கோ, 1965ஆம் ஆண்டின் தன் நீர்மூழ்குவோர் கடிகாரத்தை அதே 2017இல் 2,000 எண்ணிக்கையில் மறுபிறப்பெடுக்கச் செய்தது. புதுக் கடிகாரத்தின் ஒளிரும் புள்ளிகளுக்குப் பழுப்பேறிய நிறத்தைத் தீட்டி, அரை நூற்றாண்டு முதுமையைத் தொழிற்சாலையிலேயே ஏற்றிவிடும் வழக்கமும் உண்டு.

இந்தியாவும் இதற்கு விலக்கன்று. டைட்டன் நிறுவனம் 2025இல் தன் நெபுலா வரிசையில் ஜல்சா என்னும் கடிகாரத்தை 10 மட்டுமே செய்து, ஒவ்வொன்றிற்கும் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் விலை குறித்தது. நம் அண்டை மாநிலத்து ஓசூரில் பிறந்த நிறுவனமே இவ்விலைக்கு வாங்குவோர் நாட்டில் உளர் எனக் கருதியது கவனிக்கத்தக்கது.

விலை எவ்வாறு உருவாகிறது?

ஒரு பொருளின் விலையில் உற்பத்திச் செலவு, வரி, விற்பனையாளர் ஆதாயம் ஆகிய மூன்றும் அடங்கும் என்பது வணிகவியலின் முதற்பாடம். ஆடம்பரக் கடிகாரத்தில் நான்காவதாக ஒன்று சேர்கிறது, அதுவே அருமை. இங்கு அருமை என்பதனை 'அரிதாந்தன்மை' என்னும் பொருளிலேயே ஆள்கிறோம்.

பொதுவாக விலை ஏறினால் கேட்போர் குறைவர். ஆனால் சில பொருள்களுக்கு விலை உயர்வே கவர்ச்சியாகிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899இலேயே இப்போக்கைப் பற்றி எழுதினார். பிறர் காண வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் செலவை அவர் ஆராய்ந்தார். பின்னர் 1950இல் ஹார்வி லைபன்ஸ்டைன் என்பவர் இதனை மூன்றாகப் பகுத்துக் காட்டினார். எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதால் வாங்குவது ஒன்று. எல்லோரிடமும் இல்லை என்பதால் வாங்குவது மற்றொன்று. விலை மிகுதி என்பதாலேயே வாங்குவது மூன்றாவது. எண்ணிக்கை வரையறுத்த கடிகாரம் இம்மூன்றையும் ஒருசேரத் தூண்டுகிறது. ஊரே பேசுகிறது, ஆனால் ஊருக்கெல்லாம் கிடைப்பதில்லை, விலையோ உயரத்தில் நிற்கிறது.

அப்படியானால், வரிசையில் நூறு பேர் நிற்கும்போது நிறுவனம் ஏன் விலையை இன்னும் உயர்த்துவதில்லை? இது நியாயமான ஐயம். விலையை உயர்த்தினால் வரிசை கலைந்துவிடும். வரிசையே விளம்பரம். கிடைக்காமல் திரும்பியவர் அடுத்த பதிப்புக்காகக் காத்திருப்பார்; அதற்கிடையில் அதே நிறுவனத்தின் வேறு கடிகாரத்தையும் வாங்கக்கூடும். எனவே குறித்த விலைக்கும் சந்தை தரத் தயாராக உள்ள விலைக்கும் இடையே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடப்படுகிறது. அந்த இடைவெளியில்தான் மறுவிற்பனையாளர் பிழைக்கிறார். 'வாங்கிய மறுநாளே இருமடங்கு' என்னும் கதைகள் பிறப்பதும் அங்கேதான்.

ஏறியதும் இறங்கியதும்

இக்கதைகளில் உண்மை இல்லாமலில்லை. நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ரோலெக்ஸ் டேடோனா கடிகாரம் 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போயிற்று. பட்டேக் பிலிப் நிறுவனம் நாட்டிலஸ் 5711 என்னும் வகையை 2021இல் நிறுத்துவதாக அறிவித்தது. டிஃபனி நிறுவனத்தின் பெயர் பொறித்த நீலநிற முகப்புடன் 170 கடிகாரங்களை மட்டும் விடையாகச் செய்தது. அவற்றுள் ஒன்று அவ்வாண்டு டிசம்பரில் அறப்பணிக்கான ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குச் சென்றது.

ஆனால் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் ஏற்றம்தான் இடம்பெறும், இறக்கம் இடம்பெறுவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வட்டி குறைந்து, கையில் பணம் புழங்கியபோது ஏறிய மறுவிற்பனை விலைகள், 2022இன் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்டபின் சரியத் தொடங்கின. வட்டி விகிதங்கள் உயர்ந்ததும் எளிதில் ஆதாயம் பார்க்க வந்தவர்கள் விலகினர். உச்சத்தில் வாங்கியவர்கள் விற்க முயன்றபோது வாங்க ஆளில்லை. பெயர்பெற்ற சில வகைகளுக்கே இந்நிலை என்றால், பெயர் பெறாதவற்றின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வரத்து பெருகினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஒமேகாவும் ஸ்வாட்சும் இணைந்து 2022 மார்ச் 26 அன்று வெளியிட்ட மூன்ஸ்வாட்ச் கடிகாரத்தின் விலை அமெரிக்காவில் 260 டாலர். உலகின் பல நகரங்களில் கடைவாசலில் கூட்டம் நெரிந்தது. அன்றே பன்மடங்கு விலைக்குக் கைமாறியது. ஆனால் அதன் எண்ணிக்கைக்கு வரையறை ஏதும் இல்லை. கடைகளுக்கு வரத்து தொடர்ந்தபோது அந்த மிகைவிலை தேய்ந்தது. ஆக, 'லிமிடெட்' என்ற சொல்லைக் காணும்போது முதலில் கேட்க வேண்டியது: எத்தனை? 100 என்பதும் வரையறைதான். 10,000 என்பதும் வரையறைதான். எண்ணே சொல்லாமல் 'குறைந்த அளவே' என்று மட்டும் கூறப்பட்டால் அது வெறும் விளம்பர வாசகமே.

உண்மையும் ஒப்பனையும்

பழம்பாணிக்கு ஆசை பெருகப் பெருக, பழமையைப் போலி செய்வோரும் பெருகுகின்றனர். பழைய எச்.எம்.டி., சுவிஸ் கடிகாரங்களின் முகப்பைச் சுரண்டிப் புதுவண்ணம் தீட்டி, வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களை ஒன்றாகக் கோத்து விற்கும் தொழில் நம் நாட்டில் உண்டு. வாங்குவோர் சிலவற்றைக் கவனிக்கலாம். நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத பளபளக்கும் வண்ணங்கள், எழுத்துகள் நேராக நில்லாத அச்சு, முத்திரையற்ற சாவிக் குமிழ், கூர்விளிம்புகள் மழுங்கும்வரை மெருகேற்றிய கூடு, கூட்டுக்குப் பொருந்தாத இயந்திரம் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். பின்மூடியைத் திறந்து காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே நன்று.

பெரியோரும் ஏமாறியதுண்டு. 1957ஆம் ஆண்டின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் எனக் கூறப்பட்ட ஒரு கடிகாரம் 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விற்றது. அது வெவ்வேறு பாகங்களைச் சேர்த்து அமைக்கப்பட்டது என்பது 2023இல் வெளிவந்தது. வல்லுநர் நிறைந்த அரங்கிலேயே இது நிகழக்கூடுமெனில், கைப்பேசியில் படம் பார்த்து முன்பணம் அனுப்புவோர் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அறிமுகமற்றவர் அனுப்பும் கியூஆர் குறியீட்டுக்கோ கணக்கு எண்ணுக்கோ பணம் செலுத்தியபின், பொருள் வரவில்லை என்றால் அப்பணத்தை மீட்பது கடினம். அத்தகைய மோசடி நேர்ந்தால் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும்.

வரிகளை மறவாதீர்

இந்தியாவில் கைக்கடிகாரங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. இறக்குமதியான கடிகாரம் எனில் சுங்க வரியும் முன்பே விலையில் சேர்ந்திருக்கும். இவ்வரிகள் வாங்குபவர் செலுத்துபவை. விற்கும்போது திரும்பக் கிடைப்பவை அல்ல.

இங்கு இன்னொன்றையும் நோக்குதல் தகும். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட வணிக உடன்பாடு 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சுவிஸ் கடிகாரங்களின் மீதான சுங்க வரி சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும். புதுக் கடிகாரத்தின் விலை வரிக்குறைப்பால் இறங்கினால், இன்று முழு வரி செலுத்தி வாங்கியவரின் மறுவிற்பனை விலையும் அதனோடு இறங்க நேரலாம். முதலீடு என்று எண்ணுவோர் இதனைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்பவர், வாங்குபவரிடமிருந்து 1 விழுக்காடு வரியை விற்பனையின்போதே வசூலிக்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் உள்ளது. இத்தொகையை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ஒரே கொடுக்கல் வாங்கலில் ரொக்கமாகப் பெறுவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. வளைகுடாவிலிருந்து வருவோர், கொணரும் கடிகாரத்திற்குரிய விலைச்சீட்டை உடன் வைத்திருப்பதும், சுங்க விலக்கின் வரம்பைப் பயணத்திற்கு முன்பே அறிந்துகொள்வதும் நலம்.

ஒரு கணக்கு

2,00,000 ரூபாய்க்கு ஒரு கடிகாரம் வாங்கியதாகக் கொள்வோம். ஐந்தாண்டுகளில் அதன் விலை 2,50,000 ரூபாயாக உயர்ந்ததாகவும் கொள்வோம். விற்றுத் தருபவர் 15 விழுக்காடு எடுத்துக்கொண்டால் 37,500 ரூபாய் போகும். இடையில் ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெயிட 15,000 ரூபாய் ஆனதெனில், கைக்கு வருவது 1,97,500 ரூபாய். விலை கால் பங்கு ஏறியும் முதலில் 2,500 ரூபாய் குறைகிறது.

அதே 2,00,000 ரூபாயை ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் வைப்பில் இட்டிருந்தால், வரிக்கு முன் ஏறத்தாழ 2,80,500 ரூபாய் ஆகியிருக்கும். கடிகாரம் இத்தொகையை ஈட்டித் தர வேண்டுமெனில், மேற்சொன்ன செலவுகள் போக, அது ஏறத்தாழ 3,47,600 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதாவது ஐந்தாண்டில் 74 விழுக்காடு ஏற்றம் காண வேண்டும்.

கடன் பெற்று வாங்கினாலோ கணக்கு மேலும் கசக்கும். 14 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுத் தனிநபர் கடன் எனில் மாதத் தவணை ஏறத்தாழ 6,836 ரூபாய். செலுத்தும் மொத்தம் ஏறத்தாழ 2,46,000 ரூபாய். வாங்கிய அன்றே கடிகாரத்தின் விலை 46,000 ரூபாய் கூடிவிட்டது என்பதே இதன் பொருள். கடனட்டையில் நிலுவை வைப்பதோ இதனினும் சுமையானது. இவ்விகிதங்கள் விளக்கத்திற்காகக் கொண்டவை. எனினும் விகிதம் சற்று மாறினாலும் பாடம் மாறாது.

வங்கியும் கடிகாரமும்

கடிகாரத்தின்பேரில் நகைக்கடன் போன்ற கடன் கிடைக்குமா எனக் கேட்போருக்கு விடை: கிடைக்காது. தங்கத்தை உரைத்துப் பார்க்கலாம், எடை போடலாம், அன்றாட விலை உண்டு, எந்த ஊரிலும் விற்கலாம். சாலைக் கடைவீதியில் எந்த நகைக்கடைக்குச் சென்றாலும் தங்கத்தின் விலை ஏறத்தாழ ஒன்றுதான். கடிகாரமோ ஆளுக்கொரு விலை பெறும். ஈடாக ஏற்கத்தக்க பொருளுக்கு வேண்டிய தன்மைகள் அதற்கில்லை. வங்கி ஏற்கத் தயங்கும் ஒன்றைத் தம் முதுமைக்காலச் சேமிப்பாகக் கொள்வது தகுமா என்பதை வாடிக்கையாளர் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

பாதுகாப்புப் பெட்டகத்தில் கடிகாரத்தை வைப்போரும் உளர். ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரையே. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் எனில் வரம்பு 3,00,000 ரூபாய். உள்ளிருக்கும் பொருளுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை. ஆகவே விலைமிக்க கடிகாரத்தை வீட்டுக் காப்பீட்டில் தனியே பெயர் குறித்துச் சேர்த்து, விலைச்சீட்டு, உத்தரவாத அட்டை, வரிசை எண் ஆகியவற்றின் படிகளை வேறிடத்தில் வைத்தல் வேண்டும். இயந்திரக் கடிகாரம் நெடுநாள் ஓடாமல் கிடந்தால் எண்ணெய் இறுகிப் பழுதாகும் என்பதையும் நினைவிற் கொள்க.

வாங்க விரும்புவோர்க்கு

இவ்வளவும் கூறியதனால் கடிகாரம் வாங்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. உழைத்து ஈட்டிய பணத்தில் மனத்துக்குப் பிடித்த பொருளை அணிந்து மகிழ்வதில் குறையொன்றும் இல்லை. அவசரத் தேவைக்கென ஆறு மாதச் செலவுத் தொகை, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் கல்விக்கான சேமிப்பு ஆகியவை ஒழுங்காக இருக்குமாயின், எஞ்சிய தொகையில் வாங்கலாம். அதனை வாங்கும் அன்றே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள். பின்னாளில் விலை ஏறினால் அது எதிர்பாராது வந்த வரவு.

வீட்டில் பழைய எச்.எம்.டி. இருப்பின், தெருவில் வந்து விலை கேட்பவரிடம் உடனே கொடுத்துவிட வேண்டாம். முகப்பை மாற்றவோ மெருகேற்றவோ முயல வேண்டாம். பழைய கடிகாரம் மாற்றப்படாது இருப்பதே அதன் மதிப்பு. நம்பிக்கைக்குரிய பழுதுபார்ப்பவரிடம் காட்டி ஓடச் செய்யுங்கள். இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். பலவற்றிற்குச் சந்தையில் பெரிய விலை கிடைக்காது என்பதே உண்மை. எனினும் அப்பா நாள்தோறும் காலையில் சாவி கொடுத்த கடிகாரத்தை மகன் கையில் கட்டிக்கொண்டு அலுவலகம் செல்வானாயின், அதற்கு விலை குறிக்கும் பொறுப்பைச் சந்தையிடம் விட வேண்டியதில்லை.